டப்பாவில் விழுந்த சீட்டுகள்: பால்வினை நோய்த் தடுப்பும் ஆராய்ச்சியும், மதுரைப் பக்கத்துக் கேள்விகள்

பால்வினை நோயைப் பற்றிய கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிற ஆளை நான் மதுரையில் இன்னும் பார்க்கவில்லை. அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பேச்சைத் தொடங்கும் முன்பே ஒரு காலி பிஸ்கட் டப்பாவையும் நாலாகக் கிழித்த நோட்டுத் தாள்களையும் கைமாற விட்டுவிடுவேன். பெயர் எழுத வேண்டாம், கேள்வி மட்டும் போதும். உசிலம்பட்டியில் மகளிர் குழு, கப்பலூரில் தொழிற்பேட்டை ஆட்கள், மேலூரில் கல்லூரி மாணவர்கள் என்று எங்கே போனாலும் டப்பா மூட முடியாத அளவுக்கு நிறைந்து திரும்பும். நான் மருத்துவர் அல்லன். ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சீட்டுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். பாதிக்கு மேல் ஒரே கேள்வியின் பல வடிவங்கள்தாம்: "ஆராய்ச்சி என்று வருகிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். எங்களுக்கு என்ன கிடைத்தது?"

மேகநோய், வெட்டை என்று ஊரில் சொல்வதெல்லாம் பால்வினை நோய்தானா?

சில சமயம் ஆம், பல சமயம் இல்லை. மேகப்புண், கிரந்தி என்று பெரியவர்கள் சொன்னது பெரும்பாலும் சிபிலிஸ். வெட்டை என்றது கொனோரியா. அரையாப்பு என்பது தொடை இடுக்கில் நெறி கட்டுவது. ஆனால் இதே "வெட்டை" என்ற சொல்லை உடல் சூட்டுக்கும், சிறுநீர்க் கடுப்புக்கும், பெண்களின் வெள்ளைப்படுதலுக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். வெள்ளைப்படுகிற பெண்கள் எல்லோருக்கும் பால்வினை நோய் இருப்பதாக நினைப்பது தவறு. சாதாரணப் பூஞ்சைத் தொற்றாலும் வரும், மாதச் சுழற்சியின் இயல்பாலும் வரும். இந்தக் குழப்பத்தால் நிம்மதி போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ட்ரைக்கோமோனாஸ் ஆகிய நான்கும் மருந்தால் முழுமையாகக் குணமாகும். எச்.ஐ.வி., ஹெர்பிஸ், மஞ்சள்காமாலை பி, எச்.பி.வி. ஆகியவை வைரஸ்கள். குணமாகும் அந்த நான்கு மட்டும் 2020-ல் உலகில் 37 கோடிப் பேருக்குமேல் புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் ஏராளமானோருக்கு எந்த அறிகுறியும் தெரிந்திருக்காது. அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

நோய் வந்தால் மருந்து கொடுத்தால் போதாதா? இதில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை?

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்துக்கு ஒருவர் போகிறார் என்று வையுங்கள். மருத்துவர் விசாரித்து, பரிசோதித்து, ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொடுக்கச் சொல்வார். தேசியத் திட்டத்தில் இந்தப் பெட்டிகளுக்கு நிறம் உண்டு. ஆணுக்குச் சிறுநீர்த் தாரையில் சீழ் வந்தால் சாம்பல் நிறப் பெட்டி. பெண்ணுக்கு வெள்ளைப்படுதல் என்றால் பச்சை. வலியில்லாத புண் என்றால் வெள்ளைப் பெட்டி, அதற்குள் பென்சிலின் ஊசி. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம். கொப்புளத்தோடு வரும் ஹெர்பிஸுக்குச் சிவப்பு. அடிவயிற்று வலிக்கு மஞ்சள். அரையாப்புக்குக் கறுப்பு. ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல், அறிகுறியைப் பார்த்து, அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய கிருமிகள் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே சிகிச்சை. முடிவுக்காக நாளை வா என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதை அறிந்து வகுத்த முறை இது.

அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் என்ன மாத்திரை இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? இங்கேதான் ஆராய்ச்சி வருகிறது. கொனோரியா கிருமி சாமானியப்பட்டதல்ல. சல்ஃபா மருந்தைத் தோற்கடித்தது, பிறகு பென்சிலினை, பிறகு டெட்ராசைக்ளினை, பிறகு சிப்ரோஃப்ளாக்சசினை. ஒரு காலத்தில் மதுரை மருந்துக் கடைகளில் வெட்டைக்கு என்று கேட்டால் சிப்ரோவைத்தான் எடுத்துத் தருவார்கள். நோயாளிகளிடமிருந்து எடுத்த சீழை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று வரிசையாகப் பார்த்ததால்தான் சிப்ரோ இனி உதவாது என்று தெரிந்தது, பெட்டிக்குள் செஃபிக்சைமும் அசித்ரோமைசினும் வந்தன. இவையும் நிரந்தரமல்ல, கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிபிலிஸ் கிருமியோ நேர்மாறு. 1943-ல் பென்சிலினுக்குப் பணிந்தது, இன்றைக்கும் பணிகிறது.

அறிகுறி பார்த்து மருந்து தரும் முறைக்கு ஓட்டையும் உண்டு. அறிகுறியே இல்லாதவர் பெட்டி வாங்க வரமாட்டார். வெள்ளைப்படுதலை மட்டும் வைத்துக் கருப்பை வாயில் கொனோரியாவோ கிளமிடியாவோ இருக்கிறதா என்று ஊகிப்பது பல நாட்டு ஆய்வுகளில் சரிவரவில்லை. தேவையில்லாத பெண்ணுக்கு மருந்து போகிறது, தேவையான பெண் விட்டுப்போகிறாள். அதனால்தான் முடிந்த இடத்தில் அன்றைக்கே முடிவு தரும் மூலக்கூறுப் பரிசோதனையை, அதாவது கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையைச் சேர்க்கச் சொல்லி 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலை மாற்றியது. அந்தக் கருவிகள் எல்லா ஊர்களுக்கும் வந்துசேரும்வரை வண்ணப் பெட்டிகள்தாம் நமக்குத் துணை.

அந்தப் பெட்டியில் உள்ள மாத்திரையின் பெயர் தெரிந்தால் கடையில் வாங்கிச் சாப்பிடலாமா?

வேண்டாம். நீங்கள் தவறான மருந்தைத் தவறான அளவில் சாப்பிடுவதுதான் கிருமிக்குக் கிடைக்கும் பயிற்சி வகுப்பு.

ஆராய்ச்சி என்று தொடங்கியது மக்களுக்குத் திட்டமாகத் திரும்பி வந்ததற்கு நம் பக்கத்தில் ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

சொல்ல முடியும். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். திண்டுக்கல் மாவட்டம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அது பரவுவது பாலுறவு வழியாக. ஆகவே அதைத் தடுப்பதும் பால்வினைத் தொற்றைத் தடுக்கும் வேலையில் சேர்த்திதான். ஒழுக்கத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை, கல்யாணமான பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டுவிட்டுப் போகும் வைரஸ் இது. மேலைநாடுகளில் இதற்குப் பாப் பரிசோதனை செய்வார்கள். அதற்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த நிபுணர் வேண்டும், பெண் இரண்டு மூன்று முறை வர வேண்டும். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் தக்காளி பறிக்கிற பெண்ணிடம் மூன்று முறை வா என்று சொல்லிப் பாருங்கள்.

2000-ல் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக நல மருத்துவ மையத்தோடு சேர்ந்து, ரங்கசாமி சங்கரநாராயணன் தலைமையிலான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமைக் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களைத் தொகுப்புகளாகப் பிரித்து, சிலவற்றில் 30 முதல் 59 வயதுப் பெண்களை அழைத்துப் பரிசோதித்தார்கள். கருவி என்ன? நாம் ஊறுகாயில் ஊற்றுகிற வினிகர் இருக்கிறதே, அதன் மூலப்பொருளான அசிட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசல். செவிலியர் அதில் பஞ்சை நனைத்துக் கருப்பை வாயில் தடவுவார். ஒரு நிமிடம் பொறுப்பார். விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் இருந்தால் வெந்த முட்டையின் வெள்ளைக் கரு போல வெளுத்து நிற்கும். தகுதியான பெண்களுக்கு அதே வருகையிலேயே குளிரூட்டிய உலோக முனையை வைத்து அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடுவார்கள். அதையும் பயிற்சி பெற்ற செவிலியரே செய்தார்கள்.

31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். ஏழாண்டு கழித்துப் பார்த்தபோது, அழைக்கப்பட்ட கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் சுமார் 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் மரணம் சுமார் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் ஏழை நாடுகளில் இன்று செய்யப்படும் வினிகர்ப் பரிசோதனைக்கு எடுத்துக்காட்டப்படும் சான்றுகளில் இதுவும் ஒன்று. இங்கேயே என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் இதே முறையைத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகச் செய்து பார்த்தது. பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளோடு சேர்த்து மாநிலம் முழுவதும் கொண்டுபோனது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்ணிடம் "கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்கிறீர்களா அக்கா?" என்று செவிலியர் கேட்டால், அந்தக் கேள்வியின் வேர் அம்பிளிக்கையில் இருக்கிறது.

ஒரு கசப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒதுக்கிய கிராமங்களில் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை கொடுக்கப்படவில்லை. வழக்கமான சிகிச்சை மட்டும்தான். இது நியாயமா என்று பின்னாளில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடுமையாகக் கேட்டார்கள். அப்போது நாட்டில் எங்குமே இப்படி ஒரு பரிசோதனைத் திட்டம் இல்லை, அதனால் யாருக்கும் இருந்ததைப் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு. இரண்டு பக்கத்து வாதத்தையும் படித்துவிட்டேன். ஆய்வு தேவையாக இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கிராமத்துப் பெண்ணின் இடத்தில் என் தங்கை இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

எச்.பி.வி. தடுப்பூசி ஒரு தவணை போதும் என்கிறார்களே. காசு மிச்சம் பிடிக்கச் சொல்வதா?

இல்லை. இதன் கதையும் அம்பிளிக்கையைத் தொட்டே போகிறது. 2009-ல் நாட்டின் பல இடங்களில் 10 முதல் 18 வயதுவரை உள்ள மணமாகாத பெண்களுக்கு இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை அந்த இடங்களில் ஒன்று. அதே காலத்தில் ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்தார்கள். மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணையில் தெரிந்தது; ஆனால் பெற்றோரின் சம்மதத்தை ஒழுங்காக வாங்கவில்லை என்ற குற்றச்சாட்டு உண்மையாக நின்றது. விடுதி வார்டன்கள் பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் அரசு எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தச் சொன்னது.

அதனால், அம்பிளிக்கையும் சேர்ந்திருந்த தவணை ஆய்வில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே ஒரு தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு போகாமல் அந்தப் பெண்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு தவணை மட்டும் போட்டவர்களுக்கும் 16, 18 ஆகிய இரண்டு ஆபத்தான வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து 95 விழுக்காடு அளவுக்குப் பாதுகாப்பு இருந்தது. 2022-ல் ஒரு தவணையும் ஏற்கத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது அதற்குக் கிடைத்த சான்றுகளில் நம் ஊர்ப் பெண்களின் கையில் போட்ட ஊசியும் ஒன்று. தமிழ்நாட்டில் 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக இந்தத் தடுப்பூசி போடும் திட்டத்தை 2025 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது.

சம்மதத்தில் செய்த அலட்சியம் ஒரு நாட்டையே பத்தாண்டுக்கும் மேல் பின்னுக்குத் தள்ளியது என்பதையும் இதே கதையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் வெற்றி பெற்ற முறையை அப்படியே இங்கே செய்தால் என்ன?

டப்பாவில் இந்தக் கேள்வியைப் போட்டவர் செவிலியர் மாணவி என்று கையெழுத்தைப் பார்த்தே ஊகித்தேன். நல்ல கேள்வி.

பால்வினை நோய் இருந்தால் எச்.ஐ.வி. எளிதாகத் தொற்றும் என்பதால், தான்சானியாவில் முவான்சா என்ற பகுதியில் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் பால்வினை நோய்ச் சிகிச்சையைச் செம்மைப்படுத்தினார்கள். புதிய எச்.ஐ.வி. தொற்று சுமார் 40 விழுக்காடு குறைந்தது. 1995-ல் முடிவு வந்தபோது உலகமே துள்ளியது. பக்கத்து நாடான உகாண்டாவில் ராக்காய் என்ற இடத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், வீடு வீடாக எல்லோருக்கும் பத்து மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தார்கள். 1999-ல் வந்த முடிவு: எச்.ஐ.வி. குறையவே இல்லை. இரண்டும் நேர்மையான ஆய்வுகள். ராக்காயில் எச்.ஐ.வி. ஏற்கனவே ஊரெல்லாம் பரவி முற்றிய நிலையில் இருந்தது. முவான்சாவில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இடையிடையே மொத்தமாக மருந்து கொடுப்பதும், நோய் வந்த அன்றைக்கே கதவு திறந்திருக்கும் மருத்துவமனை இருப்பதும் ஒன்றல்ல.

அண்மைக் கதை ஒன்று. பாலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் சாப்பிட்டால் கிளமிடியாவும் சிபிலிசும் வெகுவாகக் குறைகின்றன என்று சான்பிரான்சிஸ்கோ, சியாட்டில் நகரங்களில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் நடந்த ஆய்வு காட்டியது. கென்யாவில் இளம்பெண்களிடம் அதையே செய்தபோது பயன் தெரியவில்லை. மருந்து தோற்றதா? ஆய்வாளர்கள் பெண்களின் தலைமுடியை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலான மாதிரிகளில் மருந்தின் சுவடே இல்லை. நேரில் கேட்டபோது சாப்பிட்டோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது, வீட்டில் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் எந்த மாத்திரையும் வேலை செய்யாது. செல்லூரில் ஒற்றை அறை வீட்டில் மாமியாரோடு இருக்கிற மருமகளுக்கும் இதே சிக்கல்தான்.

இந்த விஷயத்தில் மக்கள் உண்மையைச் சொல்வார்களா? கணக்கெடுப்பை எப்படி நம்புவது?

நேருக்கு நேர் உட்கார்ந்து "ஆணுறை போட்டீர்களா?" என்று கேட்டால், கேட்பவர் மனம் கோணாமல் "ஆமாம் சார்" என்பது நம் பண்பாடு. நானே படிவம் எடுத்துக்கொண்டு அலைந்தவன். மாட்டுத்தாவணியில் ஒரு லாரி ஓட்டுநர் எல்லாக் கேள்விகளுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு, நான் பேனாவை மூடிய பிறகு, "இதில் எதற்கெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் தம்பி?" என்று கேட்டார்.

கர்நாடகத்தில் இதற்கு ஓர் அருமையான வழி செய்தார்கள். வாக்குச்சாவடி முறை. பத்துப் பன்னிரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் அட்டைத் தடுப்பும் பெட்டியும் கொடுத்து, கேள்வியைச் சத்தமாக வாசிப்பார்கள். பதிலை அவரவர் சீட்டாகப் பெட்டியில் போட வேண்டும். யார் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டுத்தொகை மட்டும் தெரியும். நேரில் கேட்டபோது மறைத்தவை பல இதில் வெளிவந்தன. என் பிஸ்கட் டப்பாவுக்கு இப்படி ஒரு பெரியண்ணன் இருக்கிறான் என்று தெரிந்தபோது எனக்குச் சின்னப் பெருமை.

இன்னொரு வழி, ஒரே கேள்விகளை ஆண்டுதோறும் கேட்பது. பொய்யின் அளவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்றாவது தெரியும். 1995-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம் 1996 முதல் அப்படித்தான் நடத்தைக் கணக்கெடுப்பு செய்தது. எந்தப் பிரிவினரிடம் ஆணுறைப் பயன்பாடு ஏறவில்லையோ அவர்களிடம் அடுத்த ஆண்டு வேலையைக் கூட்டினார்கள்.

பாலியல் தொழிலாளர்களையும் திருநங்கைகளையும் மட்டும் ஏன் தேடித் தேடிப் போகிறார்கள்? அவர்கள்தான் பரப்புகிறார்களா?

பரப்புகிறவர்கள் என்று பெயர் வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம், மருத்துவமனை வாசலில் அவமானப்படும் வாய்ப்பும் அதிகம். அதனால் தேடிப் போகிறார்கள். 2003-ல் தொடங்கிய அவஹான் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் இதைத்தான் செய்தது: அவர்களுக்குள்ளிருந்தே ஆட்களைப் பணிக்கு எடுத்தது. அதை அளந்து பார்க்க நடத்தைக் கேள்விகளோடு ரத்த, சிறுநீர் மாதிரிகளையும் சேர்த்து இரண்டு சுற்று ஆய்வு நடந்தது. மதுரை மாவட்டமும் அதில் உண்டு.

அரைகுறை வெளிச்சத்தில் பஸ் நிலைய ஓரம் நின்றுகொண்டு, எந்தப் பெண்ணுக்கு எந்த நேரத்தில் பேச வசதிப்படும், எந்தத் தெருவில் போலீஸ் தொல்லை, எந்த மருத்துவர் முகம் சுளிப்பார் என்று அந்தப் பணியாளர் அக்காக்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அவர்கள் நோட்டில் குறித்ததும் ஆராய்ச்சிதான். பெயர் மட்டும் ஆராய்ச்சிக் கட்டுரையில் வருவதில்லை.

கர்ப்பிணிக்கு எதற்கு இந்தப் பரிசோதனை எல்லாம்? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

சங்கடம் ஐந்து நிமிடம். சிபிலிஸ் உள்ள தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறையோடு பிறக்கலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குகிறபோதே எச்.ஐ.வி.யோடு சிபிலிசுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்வது அதனால்தான். விரல் நுனியில் குத்திய ஒரு சொட்டு ரத்தத்திலேயே முதல் கட்ட முடிவு அரை மணிக்குள் தெரியும் பட்டைகள் வந்துவிட்டன. தொற்று அண்மைக்காலத்ததாக இருந்தால் 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஒரே ஊசி. எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

ஊசி போட்டால் ஒவ்வாமை வந்துவிடுமோ என்று பயந்து தாயை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்ட இடங்களை எனக்குத் தெரியும். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம் என்று ஆய்வுகள் தெளிவாகவே காட்டிவிட்டன. அந்தச் செய்தி கட்டுரையிலிருந்து ஊசி அறைக்கு வந்துசேர எடுக்கிற காலத்தில் குழந்தை பிறந்துவிடுகிறது.

கூடவே எழும் சந்தேகம்: "என் ரத்தத்தைக் கேட்காமல் ஆராய்ச்சிக்கு எடுத்தார்களா?" நாட்டின் எச்.ஐ.வி. கண்காணிப்புக் கணக்கெடுப்பில், தேர்ந்தெடுத்த மையங்களில் மூன்று மாத காலத்தில் வரிசையாக வரும் 400 கர்ப்பிணிகளின் வழக்கமான பரிசோதனைக்குப்பின் மிஞ்சிய ரத்தத்தைப் பெயர், எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சோதிப்பது வழக்கம். யாருடைய ரத்தம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. மாவட்டத்துக்கு எவ்வளவு மருந்து, எத்தனை மையங்கள் என்று முடிவு செய்ய இது உதவுகிறது. உங்கள் சொந்த முடிவு வேண்டுமென்றால், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால் நான் என்ன கேட்க வேண்டும்?

1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை. பாலியல் தொழில் வழக்கில் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். நாடு விழித்துக்கொண்டது அதனால்தான். ஆனால் என்ன நோய்க்காக எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்தக் காலத்தில் அது தவறாகவும் தோன்றவில்லை.

இன்று அப்படிச் செய்ய முடியாது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. பரிசோதனையோ அதைப் பற்றிய ஆய்வோ செய்யக்கூடாது; முடிவை வெளியே சொல்லவும் கூடாது. எந்த ஆய்வானாலும் தமிழில் எழுதிய தகவல் தாளைக் கேளுங்கள். அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்று எழுதியிருக்க வேண்டும். "ஒரு கையெழுத்துதானே அம்மா, போடுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவரிடம், வீட்டில் படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல ஆய்வாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எடுத்த ரத்தத்துக்கு முடிவு எங்களுக்கு வருமா?

வர வேண்டும். பல நேரம் வருவதில்லை. இது என் பழைய மனக்குறை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கெடுப்பில் நானும் இருந்தேன். ஆரப்பாளையத்துப் பக்கம் ஓர் அக்கா, ஒன்றே கால் மணி நேரம் பொறுமையாகப் பதில் சொல்லி, கையையும் நீட்டினார். அடுத்த ஆண்டு அதே தெருவில் என்னைப் பார்த்து, "தம்பி, என் பதிலையெல்லாம் எழுதிக்கொண்டு போனீர்களே, அதில் என்ன தெரிந்தது?" என்றார். அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி எங்கோ ஓர் அலமாரியில் இருந்தது. எனக்கே யாரும் தரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு நகர்ந்தேன்.

மதுரைக்காரர்களுக்கு வேறு மாதிரியும் நடக்கும் என்பது தெரியும். 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்சைத் தானே மலிவாகச் செய்யத் தொடங்கியது. கண்புரை முகாமுக்கு வந்த கிராமத்துப் பாட்டியின் தேவைதான் தொழிற்சாலையின் கேள்வியாயிற்று; தொழிற்சாலையின் பதில் அதே பாட்டியின் கண்ணுக்குள் போயிற்று. கண்ணுக்குச் செய்தோம், வெட்கப்படுகிற உறுப்புகளுக்குச் செய்யத் தயங்குகிறோம். ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்த முடிவும், அதே தெருவில் நடக்கும் ஒரு மாலைக் கூட்டமும் பெரிய செலவல்ல.

"ரகசிய நோய்களுக்கு நிரந்தரத் தீர்வு" என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்களே, லாட்ஜுக்கு மாதம் ஒருமுறை வருகிற வைத்தியரிடம் போகலாமா?

மாதம் ஒருமுறை வருகிறவருக்கு, நோய் மருந்துக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியப் போவதில்லை. இயல்பாக நடக்கும் சொப்பன ஸ்கலிதத்தை நோய் என்று பயமுறுத்திப் பணம் பறிப்பதுதான் அங்கே நடக்கிற வியாபாரத்தில் பெரும்பங்கு. உண்மையிலேயே சிபிலிஸ் இருந்தாலோ, புண் தானாகவே ஆறிவிடும். லேகியத்தால் ஆறியது என்று நினைத்துக்கொள்வீர்கள். கிருமி உள்ளே தங்கியிருக்கும். பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களில் பலர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வா என்றுதான் அனுப்புகிறார்கள்.

எனக்கு வந்தது என் மனைவிக்குத் தெரிய வேண்டுமா?

சிகிச்சை அவருக்கும் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் குணமாகி, அவரிடமிருந்தே மறுபடி வாங்கிக்கொள்வீர்கள். எப்படிச் சொல்வது என்பதற்கு ஆலோசகர் உதவுவார். உங்கள் அனுமதி இல்லாமல் அவர் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டார். மனைவிகளிடமிருந்தும் இதே கேள்வி வருகிறது. அங்கே அடி விழுமோ என்ற பயமும் சேர்ந்திருக்கும். அந்தப் பயத்தை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வழி வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்கிற அரசு இராசாசி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பலகையைத் தேடுங்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். பரிசோதனை, மருந்து, ஆலோசனை எல்லாம் இலவசம். பலகையின் கீழே நிற்கப் பயமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்கு முதலில் பேசிப் பாருங்கள், தமிழிலேயே பேசலாம். ஏற்கனவே சாப்பிட்ட மாத்திரையின் அட்டை இருந்தால் காலியாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்று சீட்டில் தேதி எழுதித் தருவார்கள். புண் ஆறிவிட்டாலும் அந்தத் தேதிக்குப் போங்கள். சிபிலிசாக இருந்தால் ரத்தத்தில் அளவு இறங்குகிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.